நிலா அநீதி அணியில் பேசினாள்

1

செப்டம்பர் பதினொன்றாம் தேதி நியூ ஜெர்சியில் எங்கள் பார்சிப்பனி அலுவலகத்தில் காலைக் கூட்டத்துக்கு முன் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்போம். அது முடிந்ததும் காபி மெஷின் பக்கத்தில் டெப்பி என்னைப் பிடித்துக்கொள்வாள். என் டீமில் இருக்கும் அமெரிக்கப் பெண், நல்ல மனசுக்காரி. "அவர்களுக்கு நம்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு சுமதி?" என்று வருடம் தவறாமல் கேட்பாள். பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். நாம் சுதந்திரமாக இருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லையாம். நான் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையோடு நகர்ந்துவிடுவேன்.

இத்தனைக்கும் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரு பிழை வந்தால் அது ஏன் வந்தது என்று குடைந்து குடைந்து கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். "இது கெட்ட புரோகிராம், அதனால் கெட்டது செய்தது" என்று நான் எழுதிக் கொடுத்தால் மேனேஜர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் கட்டடத்தில் விமானத்தை மோதியவன் விஷயத்தில் மட்டும் அந்தப் பதிலே போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது எரிச்சல். வேலை விசாவில் இருப்பவள் எரிச்சலை வெளியில் காட்டக் கூடாது என்பதால் இத்தனை வருடமும் அதைக் காபியோடு சேர்த்து விழுங்கிவந்தேன்.

இந்த வருடம் அந்தக் கேள்வி எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்குச் சங்க ஆண்டு விழா எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஆடிட்டோரியம், ஆறிப்போன சாம்பார் சாதம், குழந்தைகளின் சினிமாப் பாட்டு டான்ஸ், கடைசியில் பட்டிமன்றம். அமெரிக்காவில் அதிகம் கஷ்டப்படுவது கணவனா மனைவியா என்பதுதான் தலைப்பு. அடுத்த வருடம் கணவனையும் மனைவியையும் இடம் மாற்றிப் போட்டுக்கொள்வோம். இந்த முறை காலேஜ் பிள்ளைகள், "அந்தத் தலைப்புன்னா நாங்க வரல" என்று சொல்லிவிட்டார்கள். சங்கத் தலைவர் பாலாஜிக்குப் பிள்ளைகள் வந்தால் போதும் என்றிருந்தது. "தமிழ்ல பேசுங்கப்பா, அது போதும். என்ன வேணா பேசுங்க" என்றார். அவர்கள் கொடுத்த தலைப்பு இது: மேற்கு நாடுகள்மீது குண்டு எறிகிறவனைத் தூண்டுவது அவன் கண்ட அநீதியா, அவன் தலைக்கேறிய வெறியா?

நடுவராக என்னைப் போட்டார்கள். வழக்கப்படி சீட்டுக் குலுக்கி அணி பிரித்தோம். என் மகள் நிலாவுக்கு அநீதி அணி வந்தது. எதிரணிக்கு அவளுடைய தோழன் அர்ஜுன். நிலாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, ஐ டோன்ட் ஈவன் அக்ரீ வித் திஸ் சைடு."

"அதுக்குப் பேருதான் கண்ணு பட்டிமன்றம். வந்த பக்கத்துக்குப் பேசோணும்" என்றேன்.

இரண்டு வயதில் கோயம்புத்தூரிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும். பட்டிமன்றத்துக்காகவாவது முழுசாகப் பத்து வாக்கியம் தமிழில் பேசட்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது. வேறு எந்தப் புரட்சியும் என் மனதில் இல்லை.

2

கெடுத்தது ஒரு நோட்டீஸ். விழாவுக்குப் பணம் கொடுக்கும் பல் டாக்டரும் வீடு விற்றுத் தரும் ஏஜென்ட்டும் தமிழ் தெரியாதவர்கள். அவர்களுக்காகக் கமிட்டியில் ஒரு புண்ணியவான் தமிழ் நோட்டீஸை அப்படியே இங்கிலீஷில் போட்டார். தமிழில் பட்டிமன்றம் என்ற சொல்லைப் பார்த்தாலே, இது சீட்டில் வந்த அணி, அவரவர் சொந்தக் கருத்து இல்லை என்று நம் ஆட்களுக்குத் தெரியும். இங்கிலீஷில் அந்த விளக்கம் ஒன்றும் இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் என் மகளின் போட்டோ, அதன் கீழே பெரிய எழுத்தில், பயங்கரவாதத்துக்குக் காரணம் மேற்கு நாடுகளின் அநீதியே என்று ஒரு வரி. செப்டம்பர் மாதத்தில். நியூ ஜெர்சியில்.

வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவுக்குள் தீப்பிடித்துக்கொண்டது. "இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று ஒருவர். "நாம ஹிந்துன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கலாமே" என்று இன்னொருவர். அதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமானங்கள் மோதிய அந்த வருடம் இங்கே இருந்தவர்கள், காரில் கொடி கட்டிக்கொண்டும் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டும் நாங்கள் அவர்கள் இல்லை என்று காட்டியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பயம், புரிகிறது. இத்தனை வருடம் கழித்தும் அதே பொட்டைத் தேடினால் அதற்கு என்ன பெயர்?

அதே வாரம்தான் கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. வருடக்கணக்கில் வரிசையில் நின்று, என் கணவருக்கு வழுக்கை விழுந்து, கடைசியில் கதவு திறக்கிறது. விழா சனிக்கிழமை. இன்டர்வியூ அடுத்த வாரம், நெவார்க்கில், மூன்று பேருக்கும். நிலாவுக்கு இருபத்தொன்று நெருங்குகிறது. ஏதாவது கோளாறாகிக் கார்டு இல்லையென்று ஆனால், அந்த வயதுக்கு மேல் அவள் எங்கள் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. தனக்கென்று ஒரு விசா தேட வேண்டும், இல்லையென்றால் அவளுக்கு ஞாபகமே இல்லாத ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். இந்த அரசாங்கம் விசாக்காரர்கள் இணையத்தில் போடுவதையெல்லாம் படிக்கிறது என்ற பேச்சு வேறு எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

பாலாஜி மைசூர்பாகு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். சங்கத் தலைவர் இனிப்போடு வந்தால் ஏதோ கசப்பைச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"அக்கா, நேரா மேட்டருக்கு வரேன். டாபிக்க மாத்திடலாம். சமையல்ல கெட்டிக்காரங்க ஆம்பளையா பொம்பளையான்னு வெச்சிடலாம். செம காமெடியா போகும்."

"நீங்கதானே பாலாஜி, என்ன வேணா பேசுங்கன்னு சொன்னது?"

"சொன்னேன்கா. இவ்ளோ சீரியஸா எடுத்துப்பாங்கன்னு நெனைக்கல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கு இன்டர்வியூ இருக்கு. யாராவது ஒரு கிளிப்ப கட் பண்ணி ஷேர் பண்ணா முடிஞ்சுது."

என் கணவர் ரவி சென்னைக்காரர், பயந்த சுபாவம் என்று சொன்னால் கோபப்படுவார், ஜாக்கிரதை என்று சொல்ல வேண்டும். ஸ்பீட் லிமிட்டுக்குக் கீழேயே கார் ஓட்டுகிறவர். "பாலாஜி சொல்றது கரெக்ட்தான் சுமதி. இவ்ளோ வருஷம் வாயத் தொறக்காம இருந்தோம். இன்னும் ஒரு வாரம் இருக்க முடியாதா? டாபிக் இருக்கட்டும், நம்ம பொண்ணு மட்டும் விலகிடட்டும்" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நிலா எழுந்தாள். "ஐ ஆம் நாட் ட்ராப்பிங் அவுட், அப்பா." சீட்டு எடுத்த அன்று அவளுக்குப் பிடிக்காத அணிதான். பேசாதே என்று சொன்னதும் பிடித்துவிட்டது. அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று ரவி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"தலைப்ப மாத்தினா நீங்க வேற நடுவரப் பாத்துக்கோங்க பாலாஜி" என்றேன். மைசூர்பாகு மட்டும் நன்றாக இருந்தது.

3

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் வேலையில் இருந்தார். டீ குடிக்கத் தெருவில் இறங்கியவரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்று மாலை ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் பார்த்ததை எழுத மாட்டேன். அது எழுதுவதற்கு இல்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அப்பா கேட்டார். "ஏனுங்க இப்படி வெச்சாங்க? என்ற பையன் அவங்களுக்கு என்ன பண்ணுனானுங்க?" அவர் அப்பாவின் தோளைத் தட்டினார். "பெரியவரே, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு. பையன் பொழச்சான்ல, அதைப் பாருங்க." பார்க்க வந்த சொந்தக்காரர்கள், அவங்களே அப்படித்தான் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். அப்பா மறுபடி கேட்டால், "நீங்க யாரு பக்கம் மாமா?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அப்பா கேட்பதை விட்டுவிட்டார்.

மகனின் காலைக் கொடுத்த மனிதரைப் பார்த்து நீ யார் பக்கம் என்று கேட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏன் என்று கேட்பவன் குண்டு வைத்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று எவன் கண்டுபிடித்தான்? டாக்டர் நோய் ஏன் வந்தது என்று கேட்கிறார். அவர் நோயின் கட்சியா?

4

விழாவுக்கு முந்தின ஞாயிறு நிலா ஒரு காரியம் செய்தாள். என்னைக் கேட்காமல் என் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள். மாமாவின் கால் குண்டில் போனது என்று அவளுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. நான் சமையலறையில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் அவள் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும் குரல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"மாமா, நான் ஒரு ஸ்பீச் பேசணும். குண்டு வெக்கறவங்களுக்கு ஒரு காரணம் இருக்குன்னு பேசற சைடு. நான் பேசினா உங்களுக்கு ஹர்ட் ஆகுமா? ஆகும்னா நான் பேசல."

யாருக்கும் பணியாத பெண் அண்ணனிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஏஞ்சாமி, இத்தன வருசத்துல என்ற கிட்ட இதைப் பத்தி யாருமே கேட்டதில்ல. கால் வலிக்குதான்னு கேப்பாங்க, பணம் வந்துச்சான்னு கேப்பாங்க. நீதான் கண்ணு மொதோ ஆளு" என்றார்.

பிறகு அவர் சொன்னதில் பாதி எனக்கும் அன்றுவரை தெரியாது. குண்டு வெடிப்பதற்குக் கொஞ்ச மாதம் முன்னால் ஊரில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதை வைத்துக் கலவரம் நடந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் செத்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். இது எனக்குத் தெரியும். அந்தக் கலவரத்தில் அண்ணனின் பாத்திரக் கடைக்கு எதிரில் இருந்த சலீம் பாயின் துணிக்கடையை எரித்தார்கள் என்பது தெரியாது. சலீம் பாயும் அண்ணனும் தினமும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்.

"அவன் கடை எரியறப்ப நான் ஷட்டர எறக்கி விட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன் கண்ணு. அவன் கத்துனது கேட்டுச்சு. நான் வெளிய வரல. அப்புறம் எனக்குக் கால் போனப்ப அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். உங்க பாட்டி உள்ள உடல. வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டான்."

"அவர் இப்ப எங்க மாமா?"

"இங்கதான், டவுன்ல சூட்கேஸ் ஜிப்பு ரிப்பேர் பண்றான். மாசத்துல ஒருக்கா டீ குடிப்போம். அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன்." அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நீ பேசு சாமி. நல்லா சத்தமாப் பேசு. ஆனா ஒண்ணு, காரணம் இருக்குன்னு சொல்லு, சரின்னு மட்டும் சொல்லிப்போடாத."

அன்றிரவு அண்ணன் மேல் எனக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு மாவு காய்ந்துபோன சப்பாத்தியைச் சுட்டு முடித்தேன்.

5

ஆடிட்டோரியம் நிரம்பியிருந்தது. வராதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர்கள்தான் முன் வரிசை. ரவி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் அர்ஜுன். பையன் வெளுத்து வாங்கினான். "அநீதிதான் காரணம்னா, அதிகமா அநீதி பட்டவங்கதானே குண்டு வெக்கணும்? அவங்க ரேஷன் க்யூல நிக்கறாங்க, குழந்தைய ஸ்கூலுக்கு அனுப்பறாங்க. வெச்சவன் யாரு? சில பேர் வசதியான வீட்டுப் பசங்க. சில பேர் லண்டன்லயும் பாரிஸ்லயும் பொறந்து வளர்ந்தவங்க. தனியா ரூம்ல உக்காந்திருந்தான், ஸ்க்ரீன்ல ஒருத்தன் வந்து நீதான் ஹீரோன்னு சொன்னான். சில பேர் இன்ஜினியரிங் படிச்சவங்க, அங்கிள்." கூட்டத்தில் பாதிக்கு மேல் இன்ஜினியர்கள். சிரிப்பதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிலா எழுந்ததும் பாலாஜி கேமராக்காரப் பையனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது.

நான் மணியை அடித்தேன். "எதுக்கு நிறுத்தினீங்க?" என்று மைக்கிலேயே கேட்டேன்.

"பாப்பாவோட சேஃப்டிக்குத்தான் மேடம்" என்றார் பாலாஜி. மேடையில் நான் அக்காவிலிருந்து மேடமாகிவிட்டேன்.

"ஒரு அணி பேசினது பதிவாகும், இன்னொரு அணி பேசினது ஆகாதுன்னா அதுக்குப் பேர் பட்டிமன்றம் இல்லை. கேமரா ஓடினா நான் நடுவரா இருப்பேன். இல்லைன்னா நான் இப்பவே எறங்கிப் போறேன். இது சீட்டு எடுத்து வந்த அணி, அவ என் மக, நடுவர் நான். இதையும் பதிவு பண்ணிக்கோங்க." பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

நிலாவின் தமிழில் ழகரம் எல்லாம் வழுக்கி விழுந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "குண்டு வெச்சவன் ஏன் வெச்சேன்னு அவனே வீடியோல சொல்றான். நம்ம ட்ரோன் போட்ட குண்டு, நம்ம ஜெயில், அவங்க ஊர்ல நாம சப்போர்ட் பண்ண ராஜா. அவன் கெட்டவன். பொய்யும் சொல்லுவான். ஆனா ஆள் சேர்க்க வர்றவன் வெறும் கையோட வர மாட்டான். ஒரு போட்டோ எடுத்துட்டு வருவான். செத்துப் போன ஒரு குழந்தையோட போட்டோ. அவன் சொல்ற கதை பொய்யா இருக்கலாம், அந்தக் குழந்தை பொய் இல்ல." பிறகு மாமாவின் காலைச் சொன்னாள், சலீம் பாயின் கடையைச் சொன்னாள், இறக்கிய ஷட்டரைச் சொன்னாள். "எங்க மாமா சொன்னாங்க. காரணம் இருக்குன்னு சொல்லு, சரின்னு சொல்லாதன்னு. அதான் சொல்றேன். சரி இல்ல. ஆனா காரணம் இருக்கு. அத கேக்கக்கூட பயந்தா நாம எதுக்கு இந்த நாட்டுக்கு வந்தோம்?"

தீர்ப்பு சொல்லும் நேரம் வந்தது. இரண்டு அணியும் சமம் என்று சொல்லி ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துவதுதான் நடுவர்கள் வழக்கம். எனக்கு அது பிடிக்காது.

"சலீம் பாய் கடை எரிஞ்சது. அவர் குண்டு வைக்கவில்லை. என் அண்ணன் கால் போனது. அவர் யார் கடைக்கும் தீ வைக்கவில்லை. அநீதி இரண்டு பேர் வீட்டுக்கும் வந்தது, இரண்டு பேரும் கொலைகாரர் ஆகவில்லை. அதனால் அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்க வைப்பது வெறிதான். அர்ஜுன் அணி வென்றது" என்றேன். கைதட்டல் பெரிதாக எழுந்தது. அது தீர்ப்புக்கு இல்லை, தப்பித்தோம் என்ற நிம்மதிக்கு. எனக்கு அது பொறுக்கவில்லை. "கைதட்டாதீங்க, நான் இன்னும் முடிக்கவில்லை. நிலா சொன்ன போட்டோ மாதிரி விஷயங்களைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் இந்த வாரம் முழுக்க நீங்கள் எழுதினீர்கள். அப்படிப் பேசாமல் இருந்தால், அந்தப் போட்டோவைப் பற்றிப் பேச ஆள் சேர்க்கிறவன் மட்டும்தான் மிஞ்சுவான். அவனுக்கு அந்த வசதியைச் செய்து தர எனக்குச் சம்மதம் இல்லை."

இதற்குக் கைதட்டியவர்கள் குறைவு. சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் நின்றவர்கள் அதைவிடக் குறைவு. நிலா தட்டோடு வந்து, "யூ ரூல்ட் அகெய்ன்ஸ்ட் மீ" என்றாள். "ஆமா" என்றேன். "ஓகே, ஃபேர்" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனாள். ரவி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

6

நெவார்க் அலுவலகத்தில் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தோம். அதிகாரி வயதானவர், குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. தினம் எத்தனை பேரிடம் படிக்கிறாரோ, கேள்விகளை மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி படித்தார். பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா? இல்லை. உதவி செய்ததுண்டா? இல்லை. ஆதரித்ததுண்டா? இல்லை. மூன்று பேரும் மூன்று முறை. ரவியின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

எல்லாம் முடிந்து அவர் ஃபைலை மூடும்போது நிலா, "நான் ஒன்று சொல்லலாமா?" என்றாள். மேஜைக்குக் கீழே ரவி என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் பதிந்து வலித்தது.

"போன சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான் பேசினேன். மக்கள் ஏன் இந்த நாட்டின்மேல் குண்டு எறிகிறார்கள் என்ற விவாதம். அநீதிதான் காரணம் என்று சொல்லும் பக்கம் எனக்கு வந்தது. வீடியோ இணையத்தில் இருக்கிறது. என் மாமா இந்தியாவில் ஒரு குண்டில் கால் இழந்தவர்" என்று மடமடவென்று இங்கிலீஷில் சொல்லி முடித்தாள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் கேட்கவில்லையே. இதை ஏன் என்னிடம் சொல்கிறாய்?"

"யாராவது பாதியை வெட்டி உங்களுக்கு அனுப்பலாம். அதற்கு முன்னால் முழுசும் நானே சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். சொன்னதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை."

அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியாது. "யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டார்.

"எதிரணி. அம்மாதான் நடுவர்" என்றாள் நிலா.

அவர் சிரிக்கவில்லை. முடிவு தபாலில் வரும் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

நான் இதை எழுதும்வரை தபால் வரவில்லை. வராமல் போகலாம், இல்லை என்றும் வரலாம். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி இன்றுகூட இரண்டு பேர் போன் செய்தார்கள். எடுக்க மாட்டேன். இந்தக் குறிப்பையும் என் பெயர் போட்டே வெளியிடுங்கள்.

அன்று பார்க்கிங்கில் நிலா முன்னால் போய் காரில் ஏறிக்கொண்டாள். ரவி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. ஒரு வாரம் அடக்கி வைத்ததெல்லாம் இப்போது வெடிக்கப் போகிறது, பெண்ணைக் கெடுத்துவிட்டாய், எல்லாம் போச்சு என்று கத்தப் போகிறார் என்று நினைத்து நானும் பதில் சொல்லத் தயாராக இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"நம்ம பொண்ணு எவ்ளோ நல்லா பேசினா. நீ ஏன் சுமதி அவள ஜெயிக்க விடல?" என்றார்.